கைவேலையில் காசு: ஆர்டர் எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு

நாலு பேர் கண்ணில் படும்படி ஏதாவது கைவேலை செய்பவர் யாராக இருந்தாலும் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது: "இவ்வளவு நல்லா செய்றீங்களே, இதை வித்தா என்ன?" சொல்பவர் பாராட்டாகத்தான் சொல்கிறார், அதில் குறையில்லை. கேட்டவருக்குத்தான் அன்றிரவு தூக்கம் போய்விடும். மாதத்துக்கு எத்தனை செய்யலாம், ஒன்றுக்கு என்ன வைக்கலாம், என்ன பெயரில் பக்கம் தொடங்கலாம் என்று மனசு ஓட ஆரம்பித்துவிடும். பிடித்ததையே செய்துகொண்டு காசும் வந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

கசக்கும். எப்போது கசக்கும், எதனால் கசக்கும் என்பதைத்தான் எழுத வந்தேன். எனக்குக் குரோஷே பின்னல் பழக்கம், நுனி வளைந்த ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது; சோறு போடுவது வேறு வேலை, நடுவில் அவ்வப்போது பின்னலில் கொஞ்சம் காசும் பார்த்திருக்கிறேன். பெரிய காசெல்லாம் இல்லை. ஆனால் இதே மாதிரி படம் எடுப்பவர்கள், வரைபவர்கள், மரவேலை செய்பவர்கள் என்று பலரோடு பேசியதில் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. பொழுதுபோக்கைக் கெடுப்பது காசு இல்லை. அடுத்து என்ன செய்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உள்ளங்கை அளவு கரடி பொம்மை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமிகுருமி என்பார்கள், ஜப்பானிலிருந்து வந்த பெயர். நூலில் ஒரு வளையம் போட்டு அதற்குள் 6 கண்ணி (ஊசியால் போடும் ஒவ்வொரு தையலும் ஒரு கண்ணி), அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் பின்னி 12, அதற்கடுத்து 18, 24, 30 என்று சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் தலைக்கான வட்டம் விரிந்து வரும். வேண்டிய அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராகச் சில சுற்று, பிறகு வந்த வழியே ஆறு ஆறாகக் குறைப்பது, வாய் மூடுவதற்கு முன் பஞ்சு அடைப்பது. இப்படியே உடம்பு, கை இரண்டு, கால் இரண்டு, காது இரண்டு, மூக்குக்கு ஒரு சின்ன வட்டம். எல்லாவற்றையும் பின்னி வரிசையாக வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் அவற்றை ஒட்டித் தைப்பதற்குள் உயிர் போய்விடும். ஒரு காது ஒரு சுற்று மேலே ஏறிவிட்டால் கரடி நம்மைச் சந்தேகமாகப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும், மறுபடி பிரிக்க வேண்டும். பழகிய கைக்கே ஒரு விடுமுறை நாளில் பெரும்பகுதி போய்விடும்.

இதற்கு என்ன விலை வைப்பது? நூல், பஞ்சு, கண் எல்லாம் சேர்த்தாலும் செலவு சொற்பம். அதனால் புதிதாக விற்க வருபவர்கள் நிறையப் பேர் பொருட்செலவை இரண்டால் அல்லது மூன்றால் பெருக்கி ஒரு விலை சொல்லிவிடுகிறார்கள். வாங்குபவருக்கும் அது நியாயமாகத் தெரிகிறது. ஆனால் அதில் போன நேரத்தால் வகுத்துப் பார்த்தால் மணிக்கு என்ன கிடைக்கிறது என்பதை வெளியே சொல்ல முடியாது. சரி, விலையை ஏற்றலாமே என்றால் இன்னொரு தொல்லை. இரண்டு ஊசி வைத்துப் பின்னும் நிட்டிங்குக்கு இயந்திரம் வந்து நூற்றாண்டுகள் ஆகின்றன, இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தது 1589ல். குரோஷே அப்படி இல்லை, இன்றைக்கும் கடைக்கு வரும் குரோஷே உடுப்பும் பையும் எங்கோ ஒருவர் கையால் பின்னியவைதான். பெரிய கடைகளில் அவை மலிவாகத் தொங்குகின்றன என்றால் அந்தக் கைக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விலையில் போட்டி போடுவதென்றால் அந்தக் கூலியோடுதான் போட்டி. அதில் ஜெயிக்கவும் கூடாது.

விலையைக்கூட ஒரு வழியாகச் சமாளித்துவிடலாம். ஆர்டர் எடுக்க ஆரம்பித்த பிறகு வருவதுதான் வேறு ரகம். முதல் ஆர்டர் சந்தோஷம். இரண்டாவது ஆள் அதே கரடியைக் கேட்பார், ஏனென்றால் அதைத்தான் படத்தில் பார்த்தார். மூன்றாமவர் அதே கரடி, ஆனால் நீலத்தில், கண் கொஞ்சம் பெரிதாக, வெள்ளிக்கிழமைக்குள். வெள்ளிக்கிழமை என்ற வார்த்தை வந்த உடனே ஊசியின் கனம் கூடிவிடும். அதற்குப் பிறகு உட்கார்ந்து பின்னுவது ஓய்வு இல்லை, இரண்டாவது ஷிப்ட். புதிதாக ஒரு பின்னல் முறையைப் பார்த்து அட, இதைச் செய்து பார்க்கலாமே என்று தோன்றினால் உடனே பின்னாலேயே ஒரு குற்ற உணர்ச்சி வரும், கரடி பாக்கி இருக்கிறதே! இதில் பின்னல் வேலை பாதிதான். மிச்சமெல்லாம் செய்திக்குப் பதில் போடுவது, வெளிச்சம் பார்த்துப் படம் எடுப்பது, பொட்டலம் கட்டுவது, பார்சல் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கேட்பவருக்கு விளக்கம் சொல்வது, காசு அனுப்பிவிட்டேன் என்பவரிடம் வரவில்லையே என்று தயங்கித் தயங்கிக் கேட்பது. இந்த நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை.

இது என் புலம்பல் மட்டும் இல்லை, இதை ஆய்வுக்கூடத்தில் வைத்தே பார்த்திருக்கிறார்கள். 1971ல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஏழு துண்டுகளை விதவிதமான வடிவங்களாகப் பொருத்த வேண்டும், உட்கார்ந்தால் எழ மனம் வராத விளையாட்டு. ஒரு குழுவுக்கு நடுவில் ஒரு சுற்றில் மட்டும் புதிருக்கு 1 டாலர் கொடுத்தார், அடுத்த சுற்றில் காசை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு முறையும் இடையில் ஏதோ காரணம் சொல்லி அறையை விட்டு வெளியே போய், தனியாக இருக்கும்போது மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்க வைத்தார். காசு வாங்கிப் பழகியவர்கள் காசு நின்ற பிறகு முன்பு தொட்ட அளவுக்குக்கூடப் புதிரைத் தொடவில்லை. ஒருபோதும் காசு வாங்காதவர்களிடம் அந்த இறக்கம் இல்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1973ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் செய்தது. தானாகவே ஆசையோடு ஸ்கெட்ச் பேனாவில் வரைகிற குழந்தைகளைப் பொறுக்கி எடுத்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். இன்னொரு குழுவிடம் எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைத் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து வகுப்பில் சும்மா பேனாக்களைப் பரப்பி வைத்துப் பார்த்தால், பரிசு கிடைக்கும் என்று தெரிந்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களோடு ஒப்பிட்டால் பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவே இல்லை. சான்றிதழ் என்னவோ ஒன்றேதான்!

இதை வைத்து ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை நிறைய நடந்தது. 1999ல் டெசியும் இன்னும் இருவரும் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இதைச் செய்தால் இது தருவேன் என்கிற ரகப் பரிசு உள்ளிருந்து வரும் ஆர்வத்தைக் குறைக்கிறது, வாய் நிறையப் பாராட்டுவது கூட்டுகிறது என்றார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அந்தச் சண்டையில் பங்கில்லை. நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: ஆர்டர் என்பது முன்னாலேயே சொன்ன சான்றிதழ். செய்து முடித்ததை விற்பது அப்படி இல்லை.

அதனால் இப்போது என் வழி இது. எனக்குத் தோன்றுவதை, தோன்றுகிற நிறத்தில், தோன்றுகிற வேகத்தில் பின்னுகிறேன். நாலைந்து சேர்ந்ததும் படம் போட்டு, விலை போட்டு, இருப்பது இவ்வளவுதான் என்கிறேன். நீலத்தில் கிடைக்குமா என்றால் இப்போதைக்கு இல்லை, எப்போதாவது செய்தால் போடுகிறேன் என்று பதில். வருமானம் குறைவுதான், மறுக்கவில்லை. சில மாதம் ஒன்றுமே இருக்காது. ஆனால் பதில் போடும் நேரம் பாதிக்கு மேல் மிச்சம், வெள்ளிக்கிழமைகள் பழையபடி வெள்ளிக்கிழமைகளாக இருக்கின்றன. இன்னொன்றும் கவனித்தேன், தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடிகிற பொருளுக்கு யாரும் பேரம் பேசுவதில்லை.

பொம்மை விற்பவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை. குழந்தைகளுக்கான பொருள் என்று சொல்லி விற்றால் பல நாடுகளில் பாதுகாப்பு விதி தனியாக உண்டு, கையால் செய்தது என்பதற்காக விட்டுவிட மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கையால் செய்த பொம்மைக்கும், பாதுகாப்பு விதிப்படி செய்தது என்று காட்டும் சிஇ முத்திரை வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பிளாஸ்டிக் கண் வைக்காமல் நூலாலேயே கண் தைத்துவிடுவது நல்லது. கார்ட்டூன் பாத்திரங்களைப் பின்னி விற்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது, அந்த உருவம் ஒரு நிறுவனத்தின் சொத்து. வீட்டுக் குழந்தைக்குச் செய்து கொடுப்பது வேறு, விலை ஒட்டுவது வேறு.

இவ்வளவும் சொன்னபின் ஒருவர் கேட்பார்: எனக்கு மாதாமாதம் ஒரு தொகை கட்டாயம் வேண்டும், தோன்றும்போது செய்தால் எப்படி? நியாயமான கேள்வி. அப்படியென்றால் பொழுதுபோக்கை அதில் இழுக்காதீர்கள். கடன் தவணையைப் பின்னல் ஊசியின் தலையில் ஏற்றினால் தவணையும் கட்ட முடியாது, பின்னலும் போய்விடும். அதற்கு நேரத்துக்குக் காசு தரும் பகுதிநேர வேலையே நல்லது: பாடம் சொல்லித் தருவது, மெய்ப்புப் பார்ப்பது, மொழிபெயர்ப்பு, சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருவது. சுவாரசியம் குறைவு, ஆனால் எப்போது முடியும், எவ்வளவு வரும் என்பது தெரியும். இங்கேயும் மணிக்கணக்கை நாமே போட்டுப் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை இருக்கிறதே, அதில் கூலி பெரும்பாலும் ஒலிப்பதிவின் நீளத்துக்குத்தான். ஒரு மணிநேரப் பதிவு என்று கேட்டதும் ஒரு மணிநேரக் கூலி என்று நினைத்துவிடக் கூடாது, தெளிவான பேச்சாக இருந்தாலே சாதாரண வேகக்காரருக்கு நான்கு மணிநேரம் பிடிக்கும். நாலு பேர் ஒருவர் மேல் ஒருவர் பேசுகிற பதிவு என்றால் அதற்கும் மேல். சொன்ன தொகையை நாலால் வகுத்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படலாம்.

இணையத் தளங்களின் பங்கையும் தலைகீழாகக் கணக்குப் போடுபவர்கள் அதிகம். வேலை தருபவரையும் செய்பவரையும் சேர்த்து வைக்கும் ஃபைவர் மாதிரி ஒரு தளம் வேலை செய்தவரின் தொகையில் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கைக்கு 100 வர வேண்டும் என்றால் பலரும் 120 என்று விலை வைப்பார்கள். 120ல் 20 சதவீதம் 24, கைக்கு வருவது 96. வைக்க வேண்டிய விலை 125. சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஒவ்வொரு வேலையிலும் போகிறது, அதற்கு மேல் பணம் மாற்றும் கட்டணம், வரி எல்லாம் இருக்கிறது.

யூடியூப் ஆசையும் நிறையப் பேருக்கு உண்டு. விளம்பரத்தில் பங்கு வாங்க 1000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும் என்பது 2018லிருந்து இருக்கிற அளவுகோல், ஷார்ட்ஸ் என்கிற குட்டிக் காணொளிகளுக்கு வேறு கணக்கு. ஆயிரம் பேர்தானே என்று தோன்றும். 4000 மணிநேரம் என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால் 60,000 முறை பார்க்கப்பட வேண்டும். அதைத் தாண்டிய பிறகும் நீளமான காணொளிகளில் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம்தான் நமக்கு. போகக் கூடாது என்று சொல்லவில்லை. காணொளி எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் உங்களுக்குப் பிடிக்குமா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு உங்கள் பொழுதுபோக்கு பின்னல் இல்லை, எடிட்டிங்.

இதையெல்லாம் விட எனக்குச் சரியாக வந்தது சொல்லித் தருவதுதான். ஒரு கரடிக்கு ஒரு நாள் போகிறது, விற்றால் ஒருவர் காசு தருகிறார். இரண்டு மணிநேரம் ஆறு பேருக்கு அடிப்படைப் பின்னல் சொல்லித் தந்தால் ஆறு பேர் தருகிறார்கள், அதன் பிறகு நான் கரடி செய்தாலும் செய்யாவிட்டாலும் கேட்பார் இல்லை. ஆறுக்கு மேல் சேர்த்தால் மட்டும் சிக்கல். பின்னலில் புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்குவார்கள், சுற்றின் கடைசிக் கண்ணி எது என்று தெரியாமல் அதிலேயே இரண்டு தடவை குத்துவார்கள். 24 வர வேண்டிய இடத்தில் 25 வரும், அடுத்த சுற்றில் 26. ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து விரல் வைத்து எண்ணிக் காட்ட வேண்டும், முதல் கண்ணியில் வேறு நிற நூல்துண்டு ஒன்றைச் செருகி வைக்கச் சொல்ல வேண்டும். பெரியவர்கள்தான் சீக்கிரம் பொறுமை இழப்பார்கள், குழந்தைகள் தப்பாக வந்ததை வேறு மிருகம் என்று சொல்லிச் சமாளித்துவிடுவார்கள். ஆனால் சொல்லித் தருவது தனித் திறமை, நன்றாகச் செய்யத் தெரிந்தவர் எல்லோருக்கும் அது வராது. எனக்குத் தெரிந்த ஒருவர் அற்புதமாக வரைவார், மாணவர் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கித் தானே வரைந்து முடித்துவிடுவார். அவரிடம் இரண்டாவது வகுப்புக்கு யாரும் வந்ததில்லை.

செய்முறைக் குறிப்பை எழுதி விற்பதும் இதே வகைதான். ஒருமுறை ஒழுங்காக எழுதி, வேறு இரண்டு மூன்று பேரைப் பின்னிப் பார்க்கச் சொல்லித் தப்பைத் திருத்திவிட்டால் அப்புறம் அது பாட்டுக்கு விற்றுக்கொண்டிருக்கும். முன்னால் கிடக்கும் வேலை சாதாரணமில்லை, கை தானாகச் செய்வதைச் சுற்றுச் சுற்றாக எழுத்தில் கொண்டுவர வேண்டும். படம் எடுப்பவர்கள் இணையப் படக் களஞ்சியங்களில் போடுவதும் இந்த ரகம்தான், ஒரு படத்துக்கு ஒரு தடவை கிடைப்பது மிகச் சொற்பம், நூற்றுக்கணக்கில் போட்டு வைத்தால்தான் கண்ணில் தெரியும்.

மோசடி பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. வேலை தருகிறேன் என்பவர் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் நம்மிடம் காசு கேட்டாலும் அங்கேயே எழுந்துவிடலாம். காணொளிக்கு லைக் போட்டால் காசு என்று முதலில் கொஞ்சம் தந்து நம்ப வைத்துவிட்டு, அடுத்த நிலைக்குப் போகப் பணம் கட்டச் சொல்வது இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. அந்த முதல் தொகை தூண்டில் புழு.

நிரந்தர வேலையில் இருப்பவர்கள் பக்கத்தில் எதையும் தொடங்குவதற்கு முன் வேலை ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். வேறு வருமானம் கூடாது என்றோ, முன் அனுமதி வேண்டும் என்றோ, நீங்கள் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்றோ ஒரு வரி எங்காவது இருக்கும். கடைசிச் சங்கதி மென்பொருள், வடிவமைப்பு, எழுத்து செய்பவர்களுக்கு ரொம்ப முக்கியம். அலுவலக மடிக்கணினியில் சொந்த வேலை வேண்டவே வேண்டாம். வரவு செலவுக்குத் தனிக் கணக்கு ஒன்று வைத்துவிட்டால் வரி கட்டும் நேரத்தில் எது சம்பளம், எது பொம்மைக் காசு என்று தேட வேண்டியதில்லை. கொஞ்சக் காசுதானே என்று கணக்கு வைக்காமல் விட்டுவிடாதீர்கள், கொஞ்சம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டு வரித்துறையும் ஒவ்வொரு வரம்பு வைத்திருக்கிறது.

மிச்சம் இருப்பது சொந்தக்காரர்களும் நண்பர்களும். "நமக்குள்ள என்ன, பார்த்துப் போட்டுக் குடு" என்பார்கள். இதற்கு நான் வைத்திருப்பது இரண்டே வழி. ஒன்று, பரிசாகவே கொடுத்துவிடுவேன், அப்போது நிறமும் அளவும் என் இஷ்டம், எப்போது தருவேன் என்பதும் என் இஷ்டம். இல்லையென்றால் மற்றவர்களுக்குச் சொல்கிற அதே விலை, இருப்பதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். முழு விலை கொடுத்தவர்களும் இலவசமாக வாங்கியவர்களும் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. அரை விலைக்குக் கேட்பவர்கள்தான் நீலத்தில் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்கிறார்கள். ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.